மரம் நிறைந்த மைதானமும் பந்தின் பாதையும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில், தமிழ்நாட்டின் எல்லை முடிந்து கேரளத்தின் எல்லை தொடங்கும் இடத்தில் இருக்கிறது கோபாலபுரம். வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் விலகி நிற்க, நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு மேற்குத் தொடர்ச்சி மலை அற்றுப்போயிருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் மோதித் தயங்காமல், இந்தப் பாலக்காட்டுக் கணவாய் வழியே நேராகக் கொங்கு நாட்டுக்குள் பாய்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் இப்பிரதேசத்துத் தென்னந்தோப்புக்குள் வெகுதூரம் நடந்து சென்று நிற்பவர்கள் ஒரு விசேஷத்தைப் பிரத்தியட்சமாகக் காணலாம்: தலைக்கு மேலே மட்டைகள் ஒன்றோடொன்று மோதி ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும், கீழே நிற்பவருடைய மேல்துண்டோ மெல்லத்தான் அசையும். ஒரே இடத்தில், ஒரே கணத்தில், உயரத்தால் மட்டும் வேறுபட்ட இரண்டு காற்றுகள் அங்கே இருக்கின்றன.

இந்த இரண்டு காற்றுகளின் பேதத்தை அறியாமல், மரம் அடர்ந்த ஒரு கோல்ஃப் மைதானத்தில் பந்து ஏன் அப்படிப் போயிற்று என்பதை யாராலும் விளக்க இயலாது. கோபாலபுரத்திலிருந்து தென்கிழக்கே ஆனைமலைத் தொடரைத் தாண்டினால் வருவது பழனி மலை. அதன்மேல் கோடைக்கானலில், 1895-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கோல்ஃப் கிளப்பின் 18 குழி மைதானம், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், மரங்கள் சூழக் கிடக்கிறது. இடுக்கி மாவட்டத்தின் பக்கம் இறங்கினால், மூணாற்றுத் தேயிலைத் தோட்டக்காரர்கள் குண்டளைப் பள்ளத்தாக்கில் அமைத்துக்கொண்ட மைதானம் உண்டு. இத்தகைய மைதானங்களில் மரம் என்பது பந்தைத் தடுக்கும் ஒரு தூண் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். அது மரத்தின் தொழிலில் மிகச் சிறிய பகுதி. பந்து தன்னைத் தொடாதபோதும், நூறு மீட்டர் தள்ளி நின்றபடியே, காற்றையும் வெளிச்சத்தையும் மண்ணின் ஈரத்தையும் ஆட்டக்காரனுடைய சித்தத்தையும் மாற்றுவதன் மூலம் மரம் அந்த ஆட்டத்தை ஆளுகிறது. அதை விளக்குவதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

கோல்ஃப் பிறந்த ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரை மைதானங்களில் மரம் அரிது. செயின்ட் ஆண்ட்ரூஸ் முதலிய இடங்களில் மணல் மேடுகளும், அவற்றின்மேல் படர்ந்த குட்டைப் புல்லும், முட்புதர்களும், ஓயாத கடற்காற்றுமே மைதானத்தின் சகல சம்பத்தும். அங்கே ஆட்டக்காரனுக்கு எதிராளி காற்று ஒன்றுதான். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இவ்வாட்டம் முதன்முதலாக வேரூன்றியது நம் தேசத்தில்; கல்கத்தாவில் 1829-இல் கிளப் தோன்றிவிட்டது. பிறகு மலைகளை நாடிய வெள்ளையர்கள் இலங்கையில் நுவரெலியாவிலும் (1889), நம் பக்கத்தில் கோடைக்கானலிலும் உதகையிலும் மைதானங்கள் அமைத்தபோது, அவர்கள் கண்ணுக்கு அந்த மலைமுகடுகள் தாய்நாட்டை ஒத்துத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. ஏனென்றால் நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகியவற்றின் உச்சிகள் இயற்கையில் பரந்த புல்வெளிகளே. நீர் கசியும் மடிப்புகளிலும் பள்ளங்களிலும் மட்டும் சோலைக்காடுகள் குறுகி, அடர்ந்து, குட்டையான மரங்களோடு நின்றன. உயர்ந்த மரங்கள் பின்னால் வந்தவை. விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கும் பொருட்டு 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட, யூகலிப்டஸ் என்னும் கற்பூர மரமும் சீகை மரமும், பிற்பாடு வந்த பைன் மரமும், பழனி மலையின் புல்வெளிகளிலும் பெருந்தோட்டங்களாகப் பரவின. ஆகவே நம் மலை மைதானங்களில் ஸ்காட்லாந்தின் ஆட்டமும் ஆஸ்திரேலியாவின் விருட்சமும் நம்முடைய புல்வெளியின்மேல் வந்து சந்தித்தன என்று சொல்லவேண்டும். மரமில்லாத தேசத்துக்கென்று அமைந்த விதிகள் மரங்களுக்கு நடுவே என்ன ஆகின்றன என்பதற்கு இதைவிட நல்ல பரிசோதனைச்சாலை கிடையாது.

முதலில் கணிதத்தை முடித்துவிடுவோம். 200 மீட்டர் தூரம் அடிக்கப்படும் பந்து, குறி வைத்த திசையிலிருந்து 5 டிகிரி பிசகினால், விழும்போது ஏறத்தாழ 17 மீட்டர் விலகியிருக்கும். ஆகையால் இருபுறமும் மரவரிசை அமைந்து, நடுவே 35 மீட்டர் அகலமுள்ள ஃபேர்வே என்னும் புல்பாதையில் ஆடுகிறவனுக்கு, இடம் வலம் இரண்டிலும் 5 டிகிரிதான் பிழைக்க இடம். திறந்த வெளியிலோ 15 டிகிரி பிசகினாலும் பந்து கிடைக்கும். அடுத்த அடி சற்று நீளும், அவ்வளவே. இதில் பலரும் கவனிக்காத ஒரு சூக்ஷ்மம் உண்டு. பந்து விழும் இடத்தருகே நிற்கும் மரத்தைப் பார்த்து அஞ்சுகிறோம். ஆனால் புறப்படும் இடத்தருகே நிற்பதுதான் அதிகக் கொடுமை செய்வது. டீயிலிருந்து, அதாவது முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து, 50 மீட்டர் தூரத்தில், நேர்கோட்டிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கும் ஒற்றை மரம் வழியை மறைக்கத் தொடங்கும் கோணமும், 200 மீட்டரில் 20 மீட்டர் தள்ளி நிற்கும் மரம் மறைக்கத் தொடங்கும் கோணமும் ஒன்றே. முன்னது கிளை பரப்பி ஆண்டுக்கு ஒரு முழம் உள்ளே நீண்டால், பத்தாண்டுகளில் அந்தக் குழியின் குணமே மாறிப்போகும். வரைபடத்திலோ ஒரு மாற்றமும் தெரியாது.

இதன் பலனைத் தலைநகரத்தில் பார்க்கலாம். டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானத்தில், பழைய கல்லறை மண்டபங்களுக்கு இடையே, மயில்கள் உலவும் முட்காட்டைப் பிளந்துகொண்டு குறுகிய ஃபேர்வேக்கள் ஓடுகின்றன. 2025 அக்டோபரில் அங்கே நடந்த சர்வதேசப் போட்டிக்கு வந்த ரோரி மெக்கில்ராய், உலகத்திலேயே மிக நெடுந்தூரம் அடிப்பவர்களில் ஒருவராக இருந்தும், தூரத்துக்கென்றே உள்ள டிரைவர் மட்டையை அங்கே உபயோகிக்கப் போவதில்லை என்று முன்னதாகவே அறிவித்தார். காரணம் எளிது. மட்டையின் நீளமும் பந்தின் வேகமும் கூடக்கூட, அதே கோணப் பிழை அதிக மீட்டர்களாகப் பெருகுகிறது; கூடுதலாகக் கிடைக்கும் 40 மீட்டரின் லாபம், புதருக்குள் போகும் ஒரு பந்தின் நஷ்டத்துக்கு ஈடாகாது. பலத்தின் மதிப்பை மரங்கள் குறைத்து, நிதானத்தின் மதிப்பை ஏற்றிவிடுகின்றன. அடர்ந்த மைதானங்களின்மேல் எனக்குள்ள பிரியத்துக்கு இதுவே முதற்காரணம்.

இனிக் காற்று. உழவர்கள் வயலோரத்தில் சவுக்கோ பனையோ வரிசையாக நட்டுக் காற்றைத் தடுப்பது நெடுநாள் வழக்கம். அதை ஆராய்ந்த வேளாண் நிபுணர்கள் கண்ட உண்மை சற்று விநோதமானது. மதில் போல முழுவதும் அடைத்து நிற்கும் தடுப்பைக் காட்டிலும், ஏறக்குறையப் பாதி இடைவெளியுள்ள தடுப்பே அதிக தூரத்துக்கு அமைதி தருகிறது. இடைவெளியுள்ள வரிசையில் காற்றின் ஒரு பகுதி வடிகட்டப்பட்டு மெதுவாக உள்ளே வந்து, மேலே தாண்டிச் செல்லும் காற்றைத் தாங்கிப் பிடிக்கிறது; அடைத்த தடுப்பிலோ முழுக் காற்றும் உச்சியைத் தாண்டிக் குதித்து, மறுபுறத்தில் அழுத்தம் குறைந்த வெற்றிடத்தை நிரப்பச் சுழித்துக்கொண்டு கீழே இறங்குகிறது. மரத்தின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்கும் அப்பால் இத்தடுப்பின் பாதிப்பு நீளும். 25 மீட்டர் உயரமுள்ள கற்பூர மரவரிசை, 250 மீட்டருக்கு அப்பால் குழியில் நிற்கும் கொடியையும் தன் ஆளுகைக்குள் வைத்திருக்கிறது என்று பொருள்.

இப்போது பந்தைக் கவனியுங்கள். விதிப்படி அதன் எடை 45.93 கிராமுக்கு மேற்படக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. தேர்ந்த ஆட்டக்காரன் அடித்த பந்து நிமிஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தடவை பின்னோக்கிச் சுழன்றபடி போகிறது. அச்சுழற்சியும் மேற்பரப்பின் குழிகளும் சேர்ந்து பந்தைக் கடந்து செல்லும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்ப, அதன் எதிர்வினையாகப் பந்து மேலே தூக்கப்படுகிறது. இப்படித் தூக்கப்பட்ட பந்து தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் சுமார் 30 மீட்டர் உச்சியை எட்டுகிறது. 25 மீட்டர் மரங்களுக்கு நடுவே 30 மீட்டர் உச்சி என்றால் என்ன அர்த்தம்? புறப்படும்போது பந்து அமைதியான அறையிலிருந்து கிளம்புகிறது. வேகம் தளர்ந்து, உச்சியில் மிதந்து திரும்பும் வேளையில், அதாவது காற்றுக்கு எளிதில் வசப்படக்கூடிய வேளையில், இலைக்கூரைக்கு மேலே வந்து முழுக் காற்றையும் சந்திக்கிறது. பிறகு இறங்கும்போது மறுபடியும் அமைதிக்குள், அல்லது மரவரிசை அடர்த்தியாக இருந்தால் சுழிக்குள், புகுகிறது. கையில் கிள்ளியெடுத்த புல்லைத் தூவிப் பார்ப்பவன் அறிவது கீழ்க்காற்றை மட்டுமே. மலை மைதானங்களில் பழகிய, மட்டை சுமக்கும் கேடிகள் புல்லைத் தூவாமல் கற்பூர மரத்தின் உச்சி இலைகளை அண்ணாந்து பார்ப்பது பௌதிக சாஸ்திரத்துக்கு முற்றிலும் பொருந்திய செயலாகும்.

அமெரிக்காவில் அகஸ்டா நேஷனல் மைதானத்தின் 12-ஆம் குழி வெறும் 155 கெஜ தூரமுள்ளது. உயர்ந்த பைன் மரங்களின் நடுவே, ஓடைக்கு அப்பால், தாழ்வான இடத்தில் அமைந்த அந்தச் சிறிய கிரீனில் (குழி அமைந்த புல்திட்டில்) உலக வீரர்கள் பலர் பட்டத்தையே இழந்திருக்கிறார்கள். அங்கே பந்தை அடிக்கும் இடத்தில் ஒரு காற்று, கொடியின் அருகே வேறொரு காற்று, மரங்களுக்கு மேலே மூன்றாவது காற்று. இவை சில விநாடிகளுக்குள் மாறுவதற்கு, மேலே விவரித்த சுழிகளே காரணம்.

கோடைக்கானலின் உயரம் இதில் மற்றொரு திருப்பத்தைச் சேர்க்கிறது. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இழுத்துப் பிடிக்கும் காற்று குறைவதால் பந்து அதிக தூரம் போகிறது என்பது எல்லோரும் அறிந்ததே. அதே காரணத்தால் பந்தை வளைக்கும் சக்தியும் குறைகிறது என்பதைச் சிலரே சிந்திக்கிறார்கள். சென்னையில் கடல் மட்டத்தை ஒட்டிய மைதானத்தில் பழகியவன், மரத்தைச் சுற்றிப் பந்தை வளைத்துக் கொண்டுபோகும் வித்தையைக் கோடைக்கானலில் செய்து பார்த்தால், வளைவு பற்றாமல் பந்து நேராகப் போய் மரத்திலேயே சேரும். மலையில் மரம் தன் வழிக்கு வரும்படி ஆட்டக்காரனை வற்புறுத்துகிறது. பந்தை நேராக அடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே மதிப்பு.

மரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் காற்றுதான், ஆகவே துணிந்து அடிக்கலாம் என்று ஆட்டக்காரர்களிடையே ஒரு வசனம் வழங்குகிறது. இது பாதி உண்மை. அதனாலேயே முழுப் பொய்யைவிட அபாயகரமானது. ஒரு மீட்டர் தடிப்புள்ள இலைக்கூட்டத்தில் பந்து தப்பிப் போக பத்தில் ஒன்பது வாய்ப்பு உண்டு என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது மீட்டரில் அந்த ஒன்பதிலும் பத்தில் ஒன்பதே மிஞ்சும். இவ்வாறு பெருக்கிக்கொண்டே போனால், 10 மீட்டர் கடக்கும்போது நூற்றுக்கு 35 வாய்ப்பும், 20 மீட்டரில் 12 வாய்ப்புமே எஞ்சுகின்றன. காட்டுக்குள் சூரிய ஒளி ஆழம் செல்லச் செல்லக் குறைவதும் இதே விதிப்படிதான். ஒளிக்கதிருக்கும் பந்துக்கும் உள்ள வித்தியாசம் பருமனில் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள குச்சி ஒளிக்கு ஒரு சென்டிமீட்டர் தடையே. பந்தின் மையம் எந்தப் பக்கத்திலும் அதன் ஆரத்தின் அளவுக்கு விலகிப் போனாலன்றி உரசாமல் கடக்க முடியாதாகையால், அதே குச்சி பந்துக்கு 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட தடையாகிறது. கண்ணுக்கு வானம் தெரிகிற இடைவெளி எல்லாம் பந்துக்கு இடைவெளி அல்ல. நுனிக்குச்சிகள் மிகுந்த சீகை மரம், தண்டும் உச்சிக்கொத்துமாக நிற்கும் கற்பூர மரத்தைக் காட்டிலும் பந்தை அதிகமாகப் பிடித்துக்கொள்வதன் ரகசியம் இதுவே.

அடிமரத்தில் படும் பந்தின் கதை வேறு. கற்பூர மரத்தின் பட்டை நாடா நாடாவாக உரிந்து விழுந்து, உள்ளே வழவழப்பான கெட்டித் தண்டு வெளிப்படுகிறது. பைன் மரத்தின் பட்டையோ தடித்து, செதில் செதிலாக, மிருதுவாக இருக்கிறது. முன்னதில் பட்ட பந்து ஓசையோடு தெறிக்கும். பின்னதில் பட்டது பெரும்பாலும் வேகமிழந்து காலடியிலேயே விழும். தெறிக்கும் திசையை முன்கூட்டிச் சொல்ல முடியாமைக்குக் காரணம் தண்டின் உருண்டை வடிவம். கேரம் பலகையில் காயின் விளிம்பில் நூலளவு தள்ளிப் பட்ட ஸ்ட்ரைக்கர் வேறு திக்கில் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்தில், பந்து பட்ட இடம் 2 சென்டிமீட்டர் மாறினால் திரும்பும் திசை ஏறக்குறைய 7 டிகிரி மாறும். 30 மீட்டர் போனபின் அது மூன்றரை மீட்டருக்கு மேற்பட்ட வித்தியாசம். ஒருவனுடைய பந்து மரத்தில் பட்டு ஃபேர்வேக்கு வருவதையும், மற்றவனுடையது பள்ளத்தில் உருள்வதையும் அதிர்ஷ்டம் என்கிறோம். அந்த அதிர்ஷ்டத்தின் அளவு இரண்டு சென்டிமீட்டர்.

காட்டுக்குள் போன பந்தை மீட்பதற்கு மூன்று வழிகள்: மேலே, கீழே, சுற்றி. மேலே போவதில் கோணத்தின் கண்டிப்பு இருக்கிறது. 20 மீட்டர் மரம் 30 மீட்டர் முன்னே நின்றால், அதன் உச்சியைத் தாண்டப் பந்து 34 டிகிரிக்குக் குறையாமல் எழும்பவேண்டும். பிட்ச்சிங் வெட்ஜ் என்னும் மட்டையின் முகம் 46 டிகிரி சாய்ந்திருந்தாலும், அடிபட்ட பந்து தேர்ந்தவர் கையில் 24 டிகிரி அளவில்தான் கிளம்புகிறது என்பதைப் புதிய ஆட்டக்காரர்கள் அறிவதில்லை. மட்டையின் சாய்வைப் பந்தின் ஏற்றமாக எண்ணி ஏமாறுகிறார்கள். கீழே போவது எளிது. பந்தைப் பின்காலருகே வைத்து, குறைந்த சாய்வுள்ள மட்டையால் தாழ அடித்து, கிளைகளுக்கு அடியில் ஃபேர்வேக்கு ஓட்டிவிடலாம். பெருமையற்றதாகத் தோன்றும் இந்த அடியே நூற்றுக்குத் தொண்ணூறு சமயங்களில் அறிவுள்ள அடி என்பது என் அபிப்பிராயம்.

சுற்றிப் போவதற்கு உலகம் அறிந்த உதாரணம் 2012-ஆம் ஆண்டு அகஸ்டாவில் நிகழ்ந்தது. தென்னாப்பிரிக்கரான லூயி ஊஸ்ட்ஹைசனோடு சமநிலை எய்தி, வெற்றியைத் தீர்மானிக்கும் கூடுதல் ஆட்டத்தில் 10-ஆம் குழியில் இருந்த பப்பா வாட்சன், வலப்புறத்து மரங்களுக்குள் பந்தை அடித்துவிட்டார். பைன் ஊசிகள் பரவிய தரையிலிருந்து, கொடி கண்ணுக்குத் தெரியாத நிலையில், இடக்கை ஆட்டக்காரரான அவர் வெட்ஜ் மட்டையால் பந்தைச் சுமார் 40 கெஜம் வலப்புறமாக வளைத்துக் கிரீனில் கொண்டுசேர்த்து, பட்டத்தையும் வென்றார். சாய்வு மிகுந்த மட்டைகள் பின்சுழற்சியை அதிகமாகத் தருகின்றன. பின்சுழற்சி பலமாக இருக்கும் பந்தின் அச்சைப் பக்கவாட்டில் சாய்ப்பது கடினம். ஆகவே மட்டையின் முகத்துக்கும் அது வீசப்படும் பாதைக்கும் இடையே அசாதாரணமான கோணத்தை அவர் உண்டாக்கியிருக்க வேண்டும். அந்த அடியில் மிகப் பெரிய வியப்பு வளைவைக் காட்டிலும், அவ்வளவு வளைவை அந்த மட்டையால் எடுத்ததுதான். இன்னொரு விநோதம்: 1981-இல் இங்கிலாந்தின் ஃபுல்ஃபோர்டு மைதானத்தில் பெர்ன்ஹார்ட் லாங்கர் மரத்தின்மேலேயே ஏறி, கிளைகளுக்கிடையே தங்கிவிட்ட பந்தை அங்கிருந்தபடியே கிரீனுக்குத் தட்டிவிட்டார். விதி அதை அனுமதிக்கிறது. அடிக்க முடியாதென்று ஒப்புக்கொள்பவனுக்கு ஓர் அடி அபராதத்தோடு பந்தை வேறிடத்தில் இட்டு ஆடும் உரிமையும் உண்டு.

ஆயினும் மரம் செய்யும் மிகப் பெரிய காரியம் புல்லில் நிகழ்கிறது. சமவெளி மைதானங்களில் பெரிதும் வளர்க்கப்படுவது நம் அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும். உதகை, கோடைக்கானல் மலைகளில் எங்கும் பரவியிருப்பது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களிலிருந்து வந்த கிக்குயூ புல். இவ்விரண்டும் கரும்பு, சோளம் ஆகியவற்றைப்போல, கடும் வெயிலை முழுவதும் உபயோகித்துக்கொள்ளும் இனத்தைச் சேர்ந்தவை. அவ்வெயில் கிடைக்காதபோது மிக விரைவில் நலிபவை. மர நிழல் சுவரின் நிழலைப் போன்றதன்று. இலைகள் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் உறிஞ்சிக்கொண்டு, அதைத் தாண்டிய நெடுஞ்சிவப்பைக் கீழே விடுகின்றன. சிவப்புக் குறைந்து நெடுஞ்சிவப்பு மிகுந்த ஒளி தன்மேல் படும்போது, தனக்கு மேலே வேறொரு தாவரம் இருப்பதைப் புல் உணர்ந்து, வெளிச்சத்தைத் தேடி நீண்டு, மெலிந்து, வேருக்குச் செலவிட வேண்டிய சத்தையெல்லாம் தாளுக்குச் செலவழிக்கிறது. கூடவே மரத்தின் மெல்லிய உண்ணும் வேர்கள், மண்ணின் மேல் இரண்டடிக்குள்ளேயே, கிளைப்பரப்புக்கு அப்பாலும் ஓடி நீரைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. காற்று நுழையாத மூலையில் பனித்துளி நெடுநேரம் உலராமல் நின்று பூஞ்சை நோய்க்கு இடமளிக்கிறது.

இதன் விளைவு ஆட்டத்தில் உடனே தெரிகிறது. வெயில் படும் கிரீன் கெட்டியாகவும் விரைவாகவும் இருக்கும். நிழலில் நனைந்து கிடக்கும் கிரீனில் பந்து விழுந்த இடத்திலேயே பதிந்து நிற்கும். ஒரே கிரீனில் பாதி நிழலாகவும் பாதி வெயிலாகவும் இருந்தால், தட்டிய பந்து நடுவழியில் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும். மரவரிசையின் ஓரத்தில் புல் தேய்ந்து மண் தெரியும் இடத்தில் கிடக்கும் பந்தை அடிப்பது, மரத்தின் பின்னால் கிடக்கும் பந்தை அடிப்பதற்குச் சற்றும் குறையாத சோதனை.

நிழல் எந்தத் திசையில் விழுகிறது என்பதில் நம் மலைகளுக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. அகஸ்டாவிலோ ஸ்காட்லாந்திலோ நண்பகல் நிழல் ஆண்டு முழுவதும் வடக்கேதான் விழும். கோடைக்கானல் வடக்கு அட்சரேகை 10 டிகிரியை ஒட்டியிருப்பதால், ஜூன் மாதத்தில் சூரியன் தலைக்கு வடக்கே நிற்க, 25 மீட்டர் மரத்தின் நண்பகல் நிழல் 6 மீட்டர் அளவில் தெற்கே விழுகிறது. டிசம்பரில் அதே நிழல் 16 மீட்டருக்கு மேல் நீண்டு வடக்கே விழுகிறது. காலையில் சூரியன் 20 டிகிரி ஏறும் வேளையில் அந்நிழல் 68 மீட்டருக்கும் அதிகம். டிசம்பர், ஜனவரியில் சூரியன் கிழக்கிலிருந்து 24 டிகிரி வரை தெற்கே தள்ளி உதிப்பதால், கிரீனுக்குத் தென்கிழக்கே நிற்கும் மரங்களே அம்மாதங்களில் காலை வெயிலைத் திருடுகின்றன. அப்போதுதான் உறைபனி விழுகிறது.

உறைபனியின் விஷயத்தில் மரம் இரு முகம் காட்டுகிறது. தெளிந்த, காற்றற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிவிட்டுக் குளிர்கிறது. மரத்தடியில் இலைக்கூரை அவ்வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதால் அங்கே புல் உறைவதில்லை. ஆனால் குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் மெல்ல வழிந்து பள்ளத்தை நாடும். அதன் வழியில் குறுக்கே அடர்ந்த மரவரிசை இருந்தால் அணையிட்டதுபோல் தேங்கி, மேற்புறத்துப் புல்வெளியை உறையச் செய்யும். விடிந்தபின் தென்கிழக்கு மரங்கள் வெயிலை மறைத்தால், உறைந்த புல் இளக வெகுநேரமாகும்; அதற்குள் மிதிக்கப்பட்ட தாள்களின் உயிரணுக்கள் உடைந்து, காலடித் தடங்கள் கருகிய அடையாளமாக நாட்கணக்கில் நிற்கும்.

கோடைக்கானல் ஃபேர்வேயில் காட்டுமாடுகள் கூட்டமாக மேய்வதைப் படத்திலேனும் பார்க்காதவர் குறைவு. அவை அங்கே வருவதும் மரங்களின் அமைப்பாலேயே. இளம்புல் நிறைந்த திறந்த வெளியும், ஆபத்தில் ஓடி ஒளிய அருகிலேயே அடர்ந்த மறைவும் ஒருங்கே கிடைக்கும் காட்டோரம் அவற்றுக்கு உகந்த இடம். மரவரிசைகளுக்கு நடுவே ஓடும் ஃபேர்வே முழுவதும் அத்தகைய ஓரம். பக்கத்து மலைச்சரிவுகளில் புல்வெளிகள் பைனும் சீகையுமாக மாறிவிட்ட பிறகு, வெட்டிப் பராமரிக்கப்படும் இந்தப் புல்லை அவை நாடுவதில் அவற்றின் குற்றம் ஒன்றுமில்லை.

இவ்வளவும் தெரிந்தபின் எழும் கேள்வி, மரத்தை வைத்திருப்பதா, வெட்டுவதா என்பது. அமெரிக்காவில் இரண்டுக்கும் உதாரணம் உண்டு. அகஸ்டாவின் 17-ஆம் குழியில் நின்ற ஒரு பைன் மரத்தில் ஜனாதிபதி ஐசன்ஹோவரின் பந்து ஓயாமல் பட்டதால், 1956-இல் கிளப் கூட்டத்தில் அதை வெட்டிவிட வேண்டுமென்று அவர் பிரேரணை கொண்டுவந்தார். தலைமை வகித்த கிளிஃபோர்டு ராபர்ட்ஸ் அந்தக் கணமே கூட்டத்தைக் கலைத்துவிட்டார். மரம் அவர் பெயரையே பெற்று, 2014-இல் பனிப்புயலில் சிதையும் வரை நின்றது. பிட்ஸ்பர்க்கை அடுத்த ஓக்மாண்ட் மைதானத்திலோ கதை நேர்மாறு. ஹென்றி ஃபௌன்ஸ் என்பவர் 1903-இல் திறந்த வெளியாக அமைத்த அம்மைதானத்தில் பிற்காலத்தார் அழகுக்காக மரங்களை நட்டுக்கொண்டே போனார்கள். புல் நலிந்தது, காற்று அடங்கியது. 1990-கள் முதல் ஆயிரக்கணக்கான மரங்கள் அங்கே வெட்டப்பட்டு, புல்லும் காற்றும் பழைய நிலைக்குத் திரும்பின.

நம் மலைகளுக்கு இவற்றில் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள நான் சம்மதிக்க மாட்டேன். இங்கே நிற்கும் உயர்ந்த மரங்களில் பெரும்பகுதி இந்த மண்ணுக்குரியவை அல்ல. ஆனால் ஒரேயடியாக வெட்டினால் சரிவின் மண் நிற்காது, வெட்டிய இடத்தில் சீகையே முன்னிலும் அடர்ந்து முளைக்கும். மேலும், 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, அதற்குரிய குழுவின் அனுமதியின்றி அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதற்கில்லை. ஆகவே மைதானங்களைப் பராமரிப்பவர்களை வேண்டிக்கொள்வது இதுதான்: ஒவ்வொரு கிரீனையும் சுற்றி ஓராண்டு முழுவதும் நிழலைக் குறித்து வையுங்கள், தென்கிழக்கே நின்று மார்கழி வெயிலை மறைக்கும் சீகையையும் கற்பூர மரத்தையும் முதலில் அனுமதி பெற்றுச் சிறிது சிறிதாக அகற்றுங்கள், டீயருகே உள்ளே நீளும் கிளைகளை ஆண்டுதோறும் அளந்து பாருங்கள், நீர் கசியும் மடிப்புகளில் சோலை மரங்களை நடுங்கள், மேடுகளைப் புல்லுக்கே விட்டுவிடுங்கள்.